மூன்று கிலோ நானூறு கிராம்

கோட்டை வாசலடியில் செத்துக் கிடந்த கொம்பன் மானை
நகரசபை ட்ராக்டரில் கொண்டுவந்தார்கள்.
வயிற்றைத் திறந்தேன்.
லஞ்ச் சீற், சொப்பிங் பை,
பால்மா பைக்கற் ஒன்று, விலை இன்னும் வாசிக்கலாம்,
அர்ச்சனைச் சாமான் கட்டிய பொலித்தீன்,
ஒரு முழம் நைலோன் கயிறு.
தராசில் வைத்தேன்.
குறிப்பெடுக்கும் டிலக்சன் பேனையை உயர்த்திக் கேட்டான்:
"டொக்டர், அங்க சிங்கம் பாத்தீங்களா?"

திரும்பி வந்து பதினொரு நாள்.
எல்லோரும் கேட்பது சிங்கத்தைத்தான்.

பார்த்தேன்.
புற்றொன்றின் நிழலில்
கரண்ட் போன மத்தியானத்து வீட்டுக்காரர் மாதிரி
சரிந்து கிடந்தது.
ஒரு காதை ஆட்டியது. அவ்வளவுதான்.
ஜீப்பில் இருந்த ஜெர்மன்காரர் இருநூறு படம் எடுத்தார்.

லிம்போப்போவில் அது மழை தவறிய மாதம்.
எங்கும் முள்; நம் உடைமரத்துக்கு
ஒன்றுவிட்ட சகோதரங்கள்.
மன்னாரில் கண்ட பெருக்கமரம்
அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரி.
யானை உரித்த இடத்தில்
பட்டை ஆறி வழவழத்திருந்தது.

தடம் பார்க்கிறவள் பெயர் மஷூடு.
லத்தியை விரலால் பிட்டு
"விடியப் போனவள், பல் தேய்ந்தவள்" என்பாள்.
கந்தளாய் றோட்டில் யானை நின்றால்
ஹோர்ன் அடிக்காமல் லைற்றை அணைப்போம் என்றேன்.
"உங்கள் யானைக்கு வேலி எங்கே?"
எங்களுக்குத்தான் வேலி, என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள்
பாதையில்லாத பக்கம் ஜீப்பைத் திருப்பினாள்.
ஏழு கற்குவியல். ஒன்றின்மேல் உடைந்த சட்டி.
"என் அப்பாவின் ஆட்கள்.
ஊரை லொறியில் ஏற்றியபோது
இவர்களுக்கு இடமிருக்கவில்லை."
பிறகு வேலி வந்தது,
வேலிக்குள் காண்டாமிருகம் வந்தது,
காண்டாமிருகத்துக்கு ரிக்கற் வந்தது.
அவள் வேலைக்குச் சேர்ந்ததே
வாசலில் கையெழுத்து வைக்காமல்
இங்கே வந்துபோகத்தானாம்.
மூக்குப்பொடியைக் கல்லில் தூவி
அவர்களோடு என்னவோ கதைத்தாள்,
கடன் வாங்கிப் போனவரோடு கதைப்பதுபோல
கொஞ்சம் கோபமாய்.

நான் சம்பூர் என்றேன்.
அவளுக்கு அது ஒரு சத்தம் மட்டும்.
ஆனாலும் சொன்னேன்:
ஒன்பது வருடம் தறப்பாளுக்குக் கீழே இருந்ததை,
திரும்பிப் போனபோது எங்கள் கிணறு
கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றதை,
அப்பா கம்பியில் கைவைத்துத் தென்னைகளை எண்ணியதை,
கணக்குப் பிழைத்து
மறுபடி முதலிலிருந்து எண்ணியதை.

மலையடி நூதனசாலையில்
பொன் காண்டாமிருகத்தின் பிரதிக்கு முன்னால் வரிசை.
நான் பக்கத்துப் பெட்டியடியில் நின்றுவிட்டேன்.
மிளகளவு கண்ணாடி மணிகள்;
நீலம், பச்சை, செங்கல் நிறம்.
கடல் கடந்து வந்தவை என்றது அட்டை.
எந்தத் துறையில் தண்ணீர் நிரப்பினார்கள்,
எங்கே நின்று காற்று மாறக் காத்திருந்தார்கள்,
அட்டைக்குத் தெரியாது.
எங்கள் உட்துறைமுகமாய் இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை மட்டும்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

"டொக்டர்?"
எழுது, என்றேன். மூன்று கிலோ நானூறு.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
பிணை மானொன்று ஓட்டோவுக்குள் தலையை விட்டு
வடை சுற்றிய பேப்பரை இழுத்தது.
"அங்கால போ பிள்ளை" என்று
ஓட்டோக்காரர் அதன் நெற்றியைத் தள்ளினார்.
நான் ஒருத்திதான் படம் எடுத்தேன்.
மஷூடுவுக்கு அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
"அழகு. இது யாருடையது?"
அவளது நாட்டில் மானுக்குச் சொந்தக்காரர் உண்டு,
ஏலத்தில் விலை உண்டு.

ஊருடையது என்று அடித்தேன்.
அழித்தேன்.
கோணேசருடையது என்று அடித்து
அதையும் அழித்தேன்.
நிமிர்ந்தபோது
மான் பேப்பரை விழுங்கி முடித்திருந்தது.