அரைக்கால் சுற்று

டொலீடோவில் மைனஸ் ஆறு.
பழைய ஷெவலின் பானெட்டைத் தூக்கி
வேக்குவம் கேஜை மாட்டுகிறாள் வாண்டா நோவிட்ஸ்கி.
முள் நடுங்குகிறது.

போன கோடையில் வாங்கிய ரேஸ் கார்புரேட்டர்
இப்போது ஷெல்ஃபில், நாலு வாயும் பிளந்தபடி.
பச்சை விழுந்து மிதித்தால்
ஒரு விக்கல்.
பின்னால் ஹாரன்கள்.
அவள் போவது ரேஸுக்கா?
ரொட்டி ஃபாக்டரிக்கு, ஒன்பது மைல், பதினோரு சிக்னல்.

இது சின்னது.
வழி குறுகினால்தான் காற்று ஓடும்,
ஓடுகிற காற்றுதான் பெட்ரோலைத் தூக்கும்.

ஸ்குரூ உள்ளே கால் சுற்று.
காது கொடுக்கிறாள்.
வெளியே அரைக்கால்.
அப்புறம் வீசம், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

முள் பதினெட்டில் நின்றது.
ஃபெண்டர் மேல் மறந்த காபியில்
வட்டங்கள் அடங்கிவிட்டன.

ஷிஃப்டுக்கு ஏழு நிமிஷம் லேட்.
இன்னும் பானெட்டை மூடவில்லை.