ரூட்

நூறாம் நம்பர் பஸ்ஸுக்கும் ரூட் என்றுதான் பெயர்.
என் போனுக்குச் செய்ததற்கும் அதே பெயர்.
முதலாவது பாணந்துறைக்குப் போகும்.
இரண்டாவது எங்கே போகும் என்று
நான் கேட்கவில்லை.

ஆமர் வீதிச் சந்தி, பங்குனி வெயில்.
என் ஓட்டோவில் இடித்துவிட்டு
ஒரு வேன் நிற்காமல் போகிறது.
இலக்கத் தகட்டைப் படமெடுக்கப் போனால்
"இடமில்லை" என்கிறது போன்.

உள்ளே பார்த்தேன்.
நான் ஆடாத மூன்று விளையாட்டு.
நான் வாசிக்காத செய்தி.
பங்குச் சந்தை விலை சொல்ல ஒன்று.
எனக்குப் பங்கு என்றால்
கோயில் அன்னதானத்தில் கிடைப்பதுதான்.
அழிக்க அழிக்க
அழிக்க ஏலாது என்றது.

நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.
பதினொரு மாதத் தவணை.
வாங்கினவன் நான்,
உள்ளே குடியிருக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

ஜிந்துப்பிட்டி அறையில்
ஒரு ஆணி அடிப்பதென்றாலும்
வீட்டுக்காரர் லோகேந்திரனைக் கேட்க வேண்டும்.
அது வாடகை, நியாயம்.
இதில் நான் யாரைக் கேட்பது?

முதலாம் குறுக்குத் தெருவில்
படிக்கட்டுக்குக் கீழே சப்ரானின் கடை.
ஒரு ஆள் நின்றால் மற்ற ஆள் வெளியே.
"ரூட் பண்ணலாம் அண்ணன்,
என்னத்துக்கு?"
"என்ர போன்" என்றேன்.
அது பதிலில்லை என்பது
அவன் முகத்தில் தெரிந்தது.
"பேங்க் அப் இருக்கா?"
இரண்டு தரம் கேட்டான்.
இல்லை, இல்லை.
எனக்கு பேங்க் என்றால் வரிசை.
ஹயர் அப் இருக்கா என்று
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அன்றிரவு தூங்கவில்லை.
மூன்று விளையாட்டையும்
ஒவ்வொன்றாக, ஆறுதலாக அழித்தேன்.
எழுத்தை மாற்றினேன்.
கமெராவின் சத்தத்தை நிறுத்தினேன்.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
எழுத்தைத் திரும்பவும் மாற்றினேன்.
ராசாவாகிவிட்டேன்,
ஆளுவதற்கு ஒன்றுமில்லை.

காலை ஆறே கால்.
ஹயர் அப்பைத் திறக்கிறேன்.
"இந்தக் கருவி நம்பத்தகுந்ததல்ல.
உங்கள் பாதுகாப்புக்காக
சேவை நிறுத்தப்பட்டுள்ளது."
மூன்று மொழியிலும் சொன்னது,
பிழையில்லாத தமிழில்.

இந்த வசனத்தை
இதே நகரத்தில் எனக்கு முன்பும் சொல்லியிருக்கிறார்கள்.
அப்போது கையில் போன் இல்லை.
பஸ்ஸிலிருந்து இறக்கி, வரிசையில் விட்டு,
அடையாள அட்டையை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.
அப்போதும் பாதுகாப்பு என்னுடையதுதான்.

இரண்டு நாள்
சந்தியில் நின்று கூவினேன்.
மல்லிகைப்பூக் கூடையோடு ஒரு பெண்,
ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழவர்.
மற்றவர்கள் எல்லோரும்
தங்கள் போனைப் பார்த்துக்கொண்டே
எனக்குப் பின்னால் நின்ற
வேறொரு ஓட்டோவில் ஏறினார்கள்.

மூன்றாம் நாள் சப்ரானிடம் போனேன்.
சிரிக்கவில்லை, நல்ல பெடியன்.
"பழையபடி ஆக்கினா
உள்ளுக்க இருக்கிறதெல்லாம் போயிரும்."
போகட்டும் என்றேன்.
போனது:
இரண்டு வருடப் படங்கள்,
கேஸ் கொண்டுவருபவரின் இலக்கம்.
திரும்பி வந்தது:
மூன்று விளையாட்டும்,
எங்கேயும் போகாதது மாதிரி.

சந்திமால் கேட்கிறான்,
அவனுடைய போனிலும் இடமில்லையாம்.
"மச்சான், நானும் செய்யவா?"
என்ன வேண்டுமென்று தெரிந்தவன்
செய்யட்டும், சந்திமால்.
எனக்குத் தேவைப்பட்டது ஒரு ஆணி.
நான் சுவரைப் பெயர்த்தேன்.

இதைச் சொல்லிவிட்டேனே தவிர
எனக்கு இன்னும் ஆறவில்லை.
சுவர் யாருடையது என்று
ஒருவரும் சொல்லவில்லையே.

நேற்று பம்பலப்பிட்டிக் கடவையில்
ரயிலுக்காக நிற்கும்போது
அந்தப் பங்குச் சந்தையைத் திறந்து பார்த்தேன்.
ஏதோ ஒன்று
இருபது சதம் ஏறியிருந்தது.