வினைப்பரப்பு

இந்தத் தீவில் எரிமலை இல்லை.
புக்கிட் கோம்பாக் ரயில் நிலையம் தாண்டி
குளத்தில் கால் நனைத்து நிற்கிறதே ஒரு பாறை,
கல்யாண ஜோடிகள் படமெடுத்துக்கொள்ளும் இடம்,
அதுகூட எரிமலையாகாமல்
பாதி வழியில் ஆறிப்போன குழம்புதான்.
ஆகவே கல்லும் வெளியிலிருந்தே வருகிறது,
மணல் வந்ததுபோல, தண்ணீர் வருவதுபோல.
ஜாவாவிலிருந்து ஒரு பெட்டி.
பழைய செய்தித்தாள் சுற்றிய பசால்ட்.
சுங்கத் தாளில்: பயன், ஆய்வு. மதிப்பு, ஒரு வெள்ளி.

அதைத் தொடுவது என் வேலை அல்ல.
தொட ஹிதாயா இருக்கிறாள், நீலக் கையுறையோடு.
நான் கல்லை எழுதுகிறவள்.
ஆலிவின் இத்தனை, பைராக்சீன் இத்தனை,
கண்ணாடி இத்தனை, மிச்சம் வெறும் துளை.
தண்ணீர் ஊற்றுகிறேன், எண்களால்.
கரியமில வாயுவைக் கரைக்கிறேன்.
பிறகு கீழே இறங்கிப் போய்
ஒரு கோப்பி-ஓ ஆறுவதற்குள்
மேலே பத்தாயிரம் ஆண்டு முடிந்திருக்கும்.

சில நாள் முடியாது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் நின்றுவிடும்.
'குவியவில்லை' என்று ஒரு வரி. காரணம் சொல்லாது.
கல்லில் நார் உரிப்பது என்பார்களே,
அதைச் சொன்னவர் கையில்
கல்லாவது இருந்தது.

சமன்பாட்டின் மற்ற எண்கள் எல்லாம்
அட்டவணையில் உண்டு, மூன்றாம் தசமம் வரை,
யாரோ பொறுமையாக அளந்துவைத்தவை.
ஒன்று மட்டும் கிடைக்காது:
கல்லின் எவ்வளவைத் தண்ணீர்
உண்மையில் தொடுகிறது?
வானொலியில் தமிழில் பேசக் கூப்பிட்டபோது
'வினைப்பரப்பு' என்று சொல்லிவைத்தேன்.
அறிவிப்பாளர் கேட்டார்,
'செய்த வினையா, வரப்போகும் வினையா?'
சிரித்துச் சமாளித்தேன்.

அந்த இடத்தில் ஓர் ஊகம் வைப்போம்.
பத்து மடங்கு பிசகலாம். ஆயிரம் மடங்கும்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி.
எத்தனை எறும்பு?

தொண்ணூறாம் நாள்
ஹிதாயா உருளையைத் திறந்தாள்.
என் கணக்கில் நாற்பது மில்லிகிராம் வெள்ளை.
இடுக்கியில் அவள் தூக்கிய கருஞ்சில்லின் ஓரத்தில்
உப்புப் பூத்ததுபோல் ஏதோ ஒன்று.
எடை போட்டாள்: ஒன்பது.
அதில் வாயுவின் பங்கு நான்கு.
அதைக் கேட்டு நான் விட்ட பெருமூச்சில்
பத்து மடங்காவது இருந்திருக்கும்.

கரையத் தொடங்கியதுமே கல்
தன்மேல் தானே ஒரு சிலிக்காத் தோலை
இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது.
தொட்டது போதும் என்று.

'ஊகத்தைக் குறை, சரியாகிவிடும்' என்றார் டாக்டர் கோ.
குறைத்தேன்.
கோடு வளைந்து வந்து
புள்ளியின்மேல் அழகாக உட்கார்ந்தது.
எனக்கு அந்த அழகு பிடிக்கவில்லை.

இரவு வெஸ்ட் கோஸ்ட் நிறுத்தத்தில் நின்றேன்.
தண்ணீருக்கு அப்பால் ஜூரோங் தீவு,
ஆலைக் கோபுர உச்சியில் ஒற்றைச் சுடர்,
காற்றுக்குச் சாய்ந்து, அணையாமல்.
அதை நான்கால் வகுக்கப் பார்த்து
பேருந்தை விட்டுவிட்டேன்.
அடுத்தது வர இருபத்தொரு நிமிடம்.
கரி என்றால் பழந்தமிழில் சாட்சி என்றும் பொருள்.
பள்ளியில் படித்தது, எதற்கோ அப்போது நினைவுக்கு வந்தது.
கல்லுக்குள் நாம் அடைக்கப் பார்ப்பது எதை?
வாயைத் திறக்காமல்
பத்தாயிரம் ஆண்டு இருக்கவேண்டும் என்கிறோம்,
அதைத்தான் வெற்றி என்கிறோம்.

மறுநாள் அறிக்கையில்
வினைப்பரப்பு என்ற வரிசையில்
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.
கீழே குறிப்பு: அளந்ததல்ல, ஊகம்.
டாக்டர் கோ அதை நீக்கவில்லை.
எழுத்தின் அளவை மட்டும்
ஆறாகக் குறைத்தார்.