எட்டு ழ

எங்கள் பிரஸ்ஸில் ழ மொத்தம் எட்டு.
ஒன்பதாவது, போன தீபாவளிக்குப் பட்டாசு நோட்டீஸ் ஓட்டியபோது
வால் உடைந்து ஈயச்சட்டிக்குப் போனது.
ழி வேண்டுமென்றால் கொக்கியைத் தனியே ஒட்டிக்கொள்வோம்.
ழ இல்லாத இடத்தில் கொக்கியை எதில் ஒட்ட?

ஜைத்தூன் பீ சூளைக்கு வந்தது ஒரு மத்தியானம்.
மடியில் ஊறவைத்த கொள்ளு,
பேச்சுக்கு நடுவே இரண்டிரண்டாக வாயில் போட்டுக்கொண்டாள்.
"நோட்டீஸ் அடிக்கணும். பொலிக்குதிரைக்கு."
முதலாளி கணக்குநோட்டிலிருந்து தலை தூக்காமல்
"சந்தான விருத்திக்கு என்று போடலாமே" என்றார்.
"இன்னா, கல்யாணப் பத்திரிகையா?"
நான் குனிந்து ப-வைத் தேடுவதுபோல் சிரித்தேன்.

அவள் சொல்லச் சொல்லக் கோத்தேன்.
பெயர் பீரங்கி.
கிண்டியில் ஓடிய காலத்தில் வேறு பெயர்,
அது துரைமார் வாயில்தான் நுழையும்.
முன்னங்கால் நரம்பு விட்டுப்போன அன்று
ஒன்பது மாதச் சம்பள பாக்கிக்கு
அவள் புருஷன் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள்.
(புருஷன் இப்போது இல்லை. அதை அவள் கோக்கச் சொல்லவில்லை.)
நிறம் கருஞ்சிவப்பு. உயரம் ௭ சாண்.
கொத்தவால் சாவடிக்குக் கீரைவண்டி இழுக்கும்
பெட்டைகளுக்கு ஏற்றது.
கூலி ௫ ரூபாய். சினை நிற்காவிட்டால் மறுதரம் இனாம்.

படத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே குதிரை,
சர்க்கஸ் கம்பெனிக்காரன் விட்டுப்போன மரக்கட்டை.
முதுகில் நின்றிருந்த பெண்ணை
உளியால் மெல்லச் செதுக்கி எடுத்தேன்.
ஒரு பாதம் மட்டும் இறங்க மறுத்தது.

பிறகு ஊர்கள்.
திங்கட்கிழமை கோயம்பேடு
செவ்வாய்க்கிழமை விருகம்பாக்கம்
புதன்கிழமை வளசரவாக்கம்
வியாழக்கிழமை போரூர்
(இவன் ஒருவனே இரண்டு ழ தின்றான்)
வெள்ளி, அவளுக்கும் குதிரைக்கும் ஓய்வு
சனிக்கிழமை நெற்குன்றம்
ஞாயிற்றுக்கிழமை மதுரவாயல்.
ஏழு போய்விட்டன.
எட்டாவதை, கழுத்தில் இருக்கும் தேவமணிச் சுழிக்குக் கொடுத்தேன்.
வாங்குகிறவன் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

"இன்னொண்ணு கீது," என்றாள்.
"இடுப்பாண்ட, வாலுக்கு மேல. கொள்ளிச் சுழி. அதையும் போட்டுரு."
"போட்டால் எவன் வருவான்?"
"குட்டிக்கும் அது வந்துச்சுன்னா
என் வூட்டு வாசல்லதான வந்து நிப்பான்?"

தலையாட்டினேன். அவள் முன்பணம் வைத்துவிட்டுப் போனாள்.
கேஸில் விரல் விட்டுத் துழாவினேன்.
ள இருந்தது, ல இருந்தது.
கிழமைகளை வெட்டியிருக்கலாம்,
திங்கள், செவ்வாய் என்றாலே யாருக்கும் விளங்கும்.
அது இப்போது தோன்றுகிறது.
அன்றைக்கு, விளக்கு வைக்கும் நேரம்,
முந்நூறு பிரதி, மஞ்சள் தாள்.

ஞாயிறு எனக்கு லீவு. மதுரவாயல் ஏரிக்கரைக்கு நடந்தே போனேன்.
ஐந்து பெட்டைகள்.
ஒன்று மண்ணைக் காலால் கீறிக்கொண்டே இருந்தது.
தணிகாசல நாயகர் மகன் நோட்டீசைப் பிடித்து
"உயரம் எ சாண்" என்று உரக்கப் படித்தான்.
"முதுகில் இன்னாடா அது, கொப்புளமா?"
"காலு மாதிரி கீதுப்பா."
நாயகர் தாளை நம்பாமல் கையை நம்பினார்:
நெஞ்சு, முட்டி, கழுத்து, சரி,
விலா, சரி,
இடுப்பில் விரல் நின்றது.

"இது தாளில் இல்லையே."

பீரங்கி காதைப் பின்னால் மடித்தது.
ஜைத்தூன் பீ கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
கொள்ளை மென்று விழுங்கிவிட்டு,
"அச்சுப்பிழை" என்றாள்.

நாயகர் மூன்று ரூபாய் என்றார், அவள் நாலு என்றாள்.
நான் அந்தச் சொல்லையே
பின்னங்கையால் கோத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்:
அ, ச், சு, ப், பி,
அதற்குமேல்
விரல் போன அறையில் ஒன்றுமில்லை.