ஞாயிறு தவிர

ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார் டோரீன்.
மூன்று பகுதியாகவே இருக்கட்டும்,
நடுவில் கைதட்டக் கூடாதென்று
நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள்.
பிறகு காப்பி.

மூஸ் ஜா. சனவரி. வியாழன் இரவு.
எரிவாயுக் கட்டணம் கட்டி மாளவில்லையாம்,
ஞாயிறு தவிர மற்ற நாளில்
தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கே
கோயிலில் சூடு.
மேலங்கியோடு அமர்கிறேன்.
விரல்நுனி வெட்டிய கையுறை.
காலுக்குத்தான் சலுகை இல்லை:
மெல்லிய தோல் காலணி,
தடித்ததைப் போட்டால்
எது மிதிகட்டை எது இடைவெளி என்று
பாதத்துக்குப் புரியாது.

முதல் பகுதி டிசம்பரிலேயே முடிந்தது.
சுமார்தான். மாற்றப் போவதில்லை.

இரண்டாவதில்தான் தகராறு.
இந்த ஆர்கனில்
வாயால் பாடும் குழல்கள் உண்டு,
பித்தளை நாக்கால் பாடுபவையும் உண்டு.
குளிரில் வாய் தணிந்துபோகும்.
நாக்கு தணியாது.
(எங்கேதான் தணிந்தது?)
இரண்டையும் திறந்து
கீழ்ச் சுரம் ஒன்றை அழுத்தினேன்.
நடுவில் ஒரு நடுக்கம்,
பழைய குளிர்பெட்டியின் மேல்
யாரோ மறந்து வைத்த தம்ளர்போல,
விநாடிக்கு மூன்று. எண்ணிப் பார்த்தேன்.

அதுவரை எழுதியதைக் கிழித்துவிட்டு
அந்த நடுக்கத்தின்மேல் எழுதினேன்,
ஒன்றரைப் பக்கம்.
இடக்கை நின்ற இடத்திலேயே நிற்கும்;
வலக்கை வந்து வந்து சந்தேகம் கேட்டுப் போகும்.
ஒன்பது நாற்பதுக்குக் கோதுமை ரயில் கடந்தது,
பெரிய குழல்கள் தாமாகவே கனைத்துக்கொண்டன.
அதற்கும் ஓர் ஓய்வுக்குறி விட்டேன்,
ஞாயிறு காலை பத்தரைக்கு
ரயில் கிடையாதென்று தெரிந்தே.

ஞாயிறு, ஆராதனை முடிந்து, ஒத்திகை.
சுவரோரச் சூடேற்றிகள்
விடியுமுன்பிருந்தே டொக்கு டொக்கென்று
உழைத்திருந்தன.
அழுத்தினேன்.
வாயும் நாக்கும் ஒத்துப்போயிருந்தன.
வழவழவென்று ஒரே சுரம்.
அதன்மேல் என் வலக்கை
இல்லாத ஒருவரிடம்
கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.
கீழே பாட்டுப் புத்தகம் அடுக்கிய ஹால்வர்சன்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்:
இப்பத்தான் சுருதி சரியா இருக்கு!

வேகம் குறிக்க வேண்டிய இடத்தில்
பென்சிலால் எழுதினேன்:
கட்டடம் சூடேறுமுன்.

மூன்றாவது இன்னும் காகிதத்துக்கு வரவில்லை.
நாளை டோரீனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்:
ஒரு வியாழக்கிழமை, மேலங்கியைக் கழற்றாமல்,
எத்தனை பேரால் ஏழு நிமிடம் உட்கார முடியும்?
காப்பியை முதலிலேயே கொடுத்துவிடலாம்.