மூன்றடி

மருதமுனை. புதன்கிழமை, பத்தரை மணி.
ஐம்பத்தைந்து அங்குல டிவி ஹோலில் மல்லாந்து கிடக்கிறது
பெட்டிக்குள்ளே, ரெஜிபோமைக் கடித்தபடி.
நஸ்லிமா டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்று:
"ஒரு வயரும் கண்ணுல படப்படாது தம்பி."

படாது.
மேசன் கட்டின சுவரை ஊரே பார்க்கும்.
என் வேலை நன்றாக முடிந்தால்
பார்க்க ஒன்றும் இராது.

பிளக் இடது மூலையில், நிலத்திலிருந்து ஒரு சாண்.
டிவி வரவேண்டியது இரண்டு ஜன்னலுக்கும் நடுவில்.
டீச்சரின் மச்சான் முபீத்
விரலால் சுவரில் ஒரு சரிவுக் கோடு இழுத்தார்:
"இப்பிடிக் கொத்துங்க. எட்டடியில முடியும்."

நான் பென்சிலை எடுத்தேன்.
மூலையிலிருந்து நேரே மேலே,
அங்கிருந்து நீர்மட்டம் வைத்து நேரே வலப்பக்கம்.
பதினொரு அடி.

"மூன்றடி வயர் சும்மா போகுதே!"
"சும்மா இல்ல" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

கிரைண்டர் பிடித்ததும் வீடு முழுக்க வெள்ளை.
பூனை தும்மிக்கொண்டு வெளியே ஓடியது.
தூசுக்குள்ளே இன்னொரு வீடு தெரிந்தது:
பெரியநீலாவணை, போன வருஷம் மாசி,
ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடு.
கலண்டர் மாட்ட ஒரு ஓட்டை, அவ்வளவுதான் கேட்டார்கள்.
மேலேயும் கீழேயும் பிளக் இல்லை, சுவிட்ச் இல்லை,
வெறுஞ்சுவர்.
ட்ரில் நுனி அரை அங்குலம் இறங்க
கதிரையோடு தூக்கி எறிந்தது.
நாக்கில் செப்புக்காசு சப்பின ருசி.

எழும்பினதும் வாயில் வந்தது தூஷணம்.
குறுக்கால வயர் ஒளித்தவனுக்கு,
அவன் தாய்க்கு,
அவனுக்கு வேலை பழக்கின ஆளுக்கு.

மறுகா மெயினை நிப்பாட்டிப் பூச்சை உடைத்தேன்.
வெறிகாரன் நடந்த மாதிரிச் சரிந்து போகிறது வயர்.
நடுவில் ஒரு மூட்டு.
மூட்டில் பச்சை டேப், மூன்று சுற்று,
நுனியை மடித்துச் சின்னதாய் ஒரு காது,
பிறகு கழற்ற லேசாக இருக்கட்டுமென்று.

அப்படிக் காது விடுகிற ஆள்
இந்தக் கரையில் ஒருவன்தான்.
பத்தொன்பது வயது அப்போது எனக்கு.
வயர் மிச்சம் பிடித்ததற்கு
தேத்தண்ணியும் முறுக்கும் தந்து மெச்சினார்கள்.

இதை டீச்சரிடம் சொல்லவில்லை.
கூலி கைக்கு வருமுன் இந்தக் கதையை
எவன் சொல்வான்?

கரண்டுக்கு ஒரு குழாய், படத்துக்கு வேறொரு குழாய்.
சீமெந்து அப்புவதற்கு முன்
சன்க் பொக்ஸின் உள்தகட்டில் பென்சிலால் எழுதினேன்:
மேல நாலு. வலப்பக்கம் ஏழு.
மூடியைக் கழற்றுகிறவன் வாசிக்கட்டும்.
கழற்றாமல் ஆணியோடு வருகிறவன்?
அவன் பிளக்கைப் பார்ப்பான், டிவியைப் பார்ப்பான்,
ஒரு கணம் சுத்தியலைத் தாழ்த்துவான்.
நேர்கோடென்றால்
முகம் தெரியாதவனுக்கும் பிடிபடும்.

மூன்றரைக்குப் படம் வந்தது.
சின்ன மகள் மட்டும் டிவியின் பின்னால் எட்டிப் பார்த்து
"வயர் எங்க உம்மா?" என்றாள்.
முபீத் மூன்றடிக் காசைக் கழித்துத்தான் தந்தார்.
எண்ணி வாங்கினேன்.

"காய நாலு நாளாகும்,
அதுக்கு முன்ன பெயின்ட் அடிக்க வேணாம்."
ஒருவரும் திரும்பவில்லை. கிரிக்கெட்.

அவர்களுக்குப் பக்கத்திலேயே, சுவரில்,
நாலே நாலு நாளைக்கு
ஈரமாய் ஒரு தலைகீழ் 'ட'.