நிகர எடை

ஆறு நாளும் எனக்கு லோரிகள்.
உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை,
கழித்தால் வருவது செம்பனைக் குலை.
சன்னலுக்குள் ஒரு கை நீளும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
மேசை விளிம்பில் தேநீர் குலுங்கும், அடங்கும்,
அடங்குவதற்குள் அடுத்தது.

ஞாயிறு ஆலை ஓடாது.
ஐந்தரைக்குப் புறப்பட்டால்
பாஹாவ் கோப்பிக்கடைகளில்
நாற்காலிகள் இன்னும் மேசைமேல் கவிழ்ந்திருக்கும்.
செரம்பானில் முந்நூற்றைம்பது ரிங்கிட்டுக்கு எடுத்த
பழைய ஜப்பான் சைக்கிள்.
இடது பெடல் மட்டும் கூடத் தேய்ந்திருக்கிறது.
முன்பு மிதித்தவருக்கும்
இடக்கால்தான் முதலில் போலும்.

இரண்டாம் டிவிஷன் கேட்டில்
தில் பகதூர் பதிவேட்டைத் திருப்பி வைப்பார்.
பெயர்: கோமளவல்லி.
வண்டி எண்: இல்லை.
இல்லை என்று எழுதக்கூடாதாம்,
மேனேஜர் ஏசுவாராம். மலாயில் சொன்னார்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
அடிச்சட்டத்தில் பொறித்திருந்த ஏழு இலக்கத்தை
அவர் வாசிக்க, நான் எழுதினேன்.
வந்த நோக்கம்?
அதற்கு மட்டும் இரண்டு பேரும் யோசித்தோம்.
கடைசியில் அவரே எழுதினார்,
நேபாளியில், ஒரே ஒரு சொல்.
என்னவென்று இதுவரை கேட்கவில்லை.

அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர் தார்.
டிசம்பர் வெள்ளம் மெரந்தி ஆற்றுப் பாலத்தின்
நடுவயிற்றைக் கொண்டுபோனதிலிருந்து
இந்தச் சாலைக்குக் கார் கிடையாது.
ஓலைகள் இருபுறமும் சாய்ந்து
உச்சியில் தொட்டுக்கொள்ளும் இருட்டு.
கம்பத்தின்மேல் ஆந்தைப் பெட்டி,
எலி தின்று முடித்த ஒரு முகம்
வட்டத் துளையில் தூங்கப் பார்க்கிறது.
உடும்பு ஒன்று வெள்ளைக் கோட்டின்மேல்
தன் பாட்டுக்கு நடக்கிறது.
மணியடிக்கவில்லை. சுற்றிப் போனேன்.

மறுநடவு மேட்டில் வானம் திடீரென்று பெரிசு.
இடுப்பளவுக் கன்றுகள், நடுவே பனி.
ஏறும்போது நான்தான் சத்தம்,
என் மூச்சு, என் முழங்கால்.
இறங்கும்போது மிதிப்பதை விட்டால்
சக்கரம் மட்டும் டிக்டிக்கென்று
எதையோ எண்ணிக்கொண்டு வரும்.
எதிரே டயர்க்கடை லியோங்
ஹேண்டிலிலிருந்து இரண்டு விரல் உயர்த்துவார்.
கடையில் பார்த்தால் ஒருவரையொருவர் தெரியாது எங்களுக்கு.
ஹெல்மெட் இல்லையே.

ஒரு தடவை திரும்பும் வழியில்
ஆலைச் சாவி பையில் இருந்ததால்
சைக்கிளோடு எடைப்பாலத்தில் ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு
தனியே ஏறினேன். அறுபது.
இருபது இருபதாய்த்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
ஆக சைக்கிளுக்கு எடையே இல்லை.
அரசாங்க முத்திரை வைத்த இயந்திரம் சொல்கிறது,
நான் ஏன் மறுக்க?

வியாழக்கிழமை ஒரு புது லோரி.
குலை இல்லை, கருங்கல்.
மெரந்திப் பாலத்துக்காம்,
பக்கத்தில் வேறு நிறுவை இல்லையாம்,
மேனேஜர் சரி என்றாராம்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.

அக்கரையில் லூர்துமேரியின் கணவர்
ரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று முறை
நாற்பது கிலோமீட்டர் சுற்றுகிறார்.
பள்ளிப் பிள்ளைகள் இருட்டிலேயே பஸ் ஏறுகிறார்கள்.
எல்லாம் தெரியும்.
தெரிந்தும் விரல்
பொத்தான்மேல் கொஞ்சம் நின்றது.

கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பியதும்
வெறும் வண்டி பதின்மூன்றாயிரத்து இருநூற்றிருபது.
நிகரம் இருபத்தைந்தாயிரத்து இருநூற்று நாற்பது.
ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை.
கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

மொத்தம் எத்தனை லோடு, அண்ணே?
அறுபது.
நாளைக்கு எத்தனை?
ஒன்றுதான், ஞாயிறு ஓட்டம் இல்லை.

அவர் போன பிறகு
தேநீர் அடங்கும்வரை கணக்குப் போட்டேன்.
பத்து ஞாயிறு.

பின் சக்கரத்தில் கொஞ்சம் காற்று குறைவு.